டைமிங் பெல்ட்டும் மூணாவது அணியும்

மக்களே, ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் போன சனிக்கிழமை போயிருந்த ஒரு பிறந்தநாள் பார்ட்டி. மேல பிள்ளைங்க பலூன் உடைச்சிட்டிருக்க, கீழ பேஸ்மெண்ட்ல ரங்கமணிகள் எல்லாம் கூடி ஒன்றரை மணி நேரம் பட்டிமன்றம். தலைப்பு: காரோட டைமிங் பெல்ட்டை நாமே மாத்துறதா, மெக்கானிக்கிட்ட விடுறதா?

முதல் அணி: "பெல்ட்டு, வாட்டர் பம்ப்பு எல்லாம் சேர்ந்த கிட்டு இருநூத்தம்பது டாலர். யூட்யூப்ல படம் போட்டுக் காட்டுறான். இதுக்குப் போய் டீலர்கிட்ட ஆயிரத்து முந்நூறு அழுவியா மச்சி?"

ரெண்டாவது அணி: "நமக்கெதுக்குப்பா இந்த வேலை? கையில கிரீஸோட நிக்கவா எஞ்சினியரிங் படிச்சோம்?"

நான் பெரும்பாலும் வாயைத் திறக்கல. (ஏன்னு அப்புறம் சொல்றேன்.) கடைசியில ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இங்க இருக்கிற ஒன்பது பேர்ல, பெல்ட் மாத்துற கெடு தாண்டின வண்டி யார்கிட்ட இருக்கு?" மூணு கை தூக்கினாங்க. எத்தனை நாளா? ஒருத்தர் ஒரு வருஷம்னார். இன்னொருத்தர் போன சம்மர்லேர்ந்து "பார்த்துட்டிருக்கேன்"னார். மூணாவது ஆள் சிரிச்சார், அவ்வளவுதான்.

இதாங்க இன்னிக்கு மேட்டர். "நானா, மெக்கானிக்கா" ங்கிற இந்த விவாதமே ஒரு ஏமாத்து வேலை. பேசுற வரைக்கும் எதையோ முடிவு பண்ணிட்டிருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. உண்மையில ரெண்டு அணியிலயும் பாதிப் பேர் மூணாவது அணிதான். தள்ளிப்போடும் அணி. அந்த அணியோட முன்னாள் மாநிலத் தலைவர்ங்கிற முறையில இந்தப் பதிவை எழுதுறேன்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. எஞ்சினுக்குள்ள பிஸ்டனை இயக்குற கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு சுத்து சுத்தினா, வால்வுகளைத் திறந்து மூடுற கேம் ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தணும். இந்தக் கணக்கு பிசகாமக் கட்டி வைக்கிறது பல் வெச்ச ஒரு ரப்பர் பெல்ட். எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுத்துல ஓடினா ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1000 தடவை திறந்து மூடும். பெல்ட் அறுந்தா கேம் நின்னுடும், வால்வு எந்த நிலையில இருந்ததோ அப்படியே நிக்கும். ஆனா பிஸ்டன் வேகத்துல மேல வரும். பல எஞ்சின்கள்ல ரெண்டும் முட்டிக்கும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் போகும். எல்லாம் ஒரு நொடிக்குள்ள.

எல்லா வண்டிக்கும் இந்தக் கவலை இல்ல. கேம்ரி நாலு சிலிண்டர் 2002 மாடல்லேர்ந்து, அக்கார்டு நாலு சிலிண்டர் 2003லேர்ந்து, சியன்னா 2007லேர்ந்து பெல்ட்டுக்குப் பதிலா செயின். அந்த வண்டிக்காரங்க நிம்மதியா டீ குடிக்கலாம். ஆனா நம்ம மக்கள் வீட்டுக்கு வீடு வெச்சிருக்கிற ஒடிசி வி6 அப்படி இல்ல. பெல்ட்தான், முட்டிக்கிற ரகம்தான்.

இதுல கொடுமை என்னன்னா, பிரேக் தேஞ்சா கிறீச்சுனு கத்தும், பேட்டரி போகப்போகுதுன்னா காலைல ஸ்டார்ட் ஆக முனகும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. நல்லாத்தான் ஓடிட்டிருக்கும், திடீர்னு ஓடாது. அதனாலதான் மைல் கணக்கும் வருஷக் கணக்கும். பழைய ஹோண்டா வி6 அட்டவணையில 1,05,000 மைல் அல்லது 7 வருஷம், எது முதல்ல வருதோ அது. அப்புறம் வந்த மாடல்கள்ல வண்டியே கணக்குப் போட்டு டாஷ்போர்டுல 4னு ஒரு எண்ணைக் காட்டும். 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல அடிக்கிற வெயில்லயே வழக்கமா ஓட்டினா 60,000 மைல்லயே மாத்தச் சொல்றாங்க. அரிசோனா மக்கள் கவனிக்க.

இப்ப என் கதை. என்கிட்ட இருந்தது 2010 மாடல் ஒடிசி. 2022 ஆகஸ்ட்ல அந்த 4 வந்துச்சு. நான் அப்ப முதல் அணியோட கொள்கை பரப்புச் செயலாளர். நவம்பர் தள்ளுபடியில கிட்டு வாங்கி அலமாரியில வெச்சேன். குளிர் போகட்டும்னேன். ஏப்ரல்ல வேலை மாறினேன். மே மாசம் ஊர்லேர்ந்து அம்மா வந்தாங்க. ஜூலை வெயில்ல யார் வண்டிக்குக் கீழ படுக்கிறது? தங்கமணி நாலு தடவை, "உங்களால முடியலன்னா கடையில விட்டுடுங்களேன்"னு சொன்னாங்க. "இதுக்குப் போய் தண்டச் செலவா?"னு நான் பெருமையா பதில் சொன்னேன்.

2023 அக்டோபர், ஒரு ஞாயித்துக்கிழமை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போயிட்டு 287ல எடிசனுக்குத் திரும்பிட்டிருந்தோம். பின்னாடி அம்மாவும் ரெண்டு பசங்களும். நடு லேன். "டக்"னு ஒரு சத்தம், எஞ்சின் செத்துடுச்சு. பவர் ஸ்டீயரிங் போய் சக்கரம் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பிரேக் ரெண்டு அழுத்து வரைக்கும் கேட்டுச்சு, அப்புறம் ஏறி மிதிக்க வேண்டியிருந்துச்சு. கண்ணாடியில ஒரு பதினெட்டுச் சக்கர லாரி பெரிசாகிட்டே வருது. எப்படி ஓரத்துக்கு வந்தேன்னு இன்னிக்கும் சரியா ஞாபகம் இல்ல. அம்மா கேட்டாங்க, "என்னடா, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?"

மெக்கானிக் பிரிச்சுப் பார்த்துட்டு ஒரு உருளையைக் கையில குடுத்தார். பெல்ட்டைத் தாங்கி ஓடுற ஐட்லர். அதோட பேரிங் இறுகிப்போய் பெல்ட்டைக் கிழிச்சிருக்கு. அதே ஐட்லர், புத்தம் புதுசா, பதினோரு மாசமா என் வீட்டு அலமாரியில கவர் பிரிக்காமப் பத்திரமா இருந்துச்சுங்க. பழைய எஞ்சின் ஒண்ணு வாங்கி மாட்ட 5,200 டாலர்னார். வண்டியை 900க்குத் தள்ளிவிட்டேன். சொந்த செலவுல சூனியம்னு நாம கிண்டல் பண்ணுவோமே, நான் அதை மொத்த விலைக்கே வாங்கினேன்.

பணம் போனதைப் பத்தி நான் புலம்பல. அந்த லாரி. இன்னிக்கும் 287ல போனா கண்ணாடியைத்தான் பார்க்கிறேன்.

சரி, இப்ப அணிகளுக்கு வருவோம்.

முதல் அணி அன்பர்களே! இந்த வேலையை உங்களால செய்ய முடியாதுன்னு நான் சொல்லவே இல்ல. முடியும். என் நண்பர் ஒருத்தர் சொந்த கராஜ்ல, ரெண்டு வார இறுதியில, அருமையா செஞ்சு முடிச்சார். ஆனா வீடியோவுல ஓட்டி விடுற இடங்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. கிராங்க் புல்லி போல்ட்டு 19 மில்லிமீட்டர் தலை. கழட்டப் போனா புல்லியும் சேர்ந்து சுத்தும். அதைப் பிடிக்க 50 மில்லிமீட்டர் அறுகோணக் கருவி தனியா வேணும். பெரிய மனுஷங்க எல்லாம் ரெண்டு மீட்டர் குழாயை மாட்டித் தொங்கின போல்ட்டு அது. அடுத்து, எஞ்சினுக்குக் கீழ ஜாக்கியும் மரக்கட்டையும் குடுத்துத் தாங்கிட்டு ஒரு பக்க மவுண்ட்டைக் கழட்டணும். வண்டி நிக்க வேண்டியது ஜாக்கி மேல இல்ல, ஸ்டாண்டு மேல. இதுல கஞ்சத்தனம் பண்ணா எஞ்சின் போகாது, ஆள் போயிடுவான்.

அப்புறம் ரெண்டு கேம், ஒரு கிராங்க், மூணு இடத்துல குறி சேரணும். பெல்ட்டை எடுத்ததும் வால்வு ஸ்ப்ரிங் அழுத்தத்துல கேம் சட்டுனு நகரலாம். ஒரு பல் தப்பினா எஞ்சின் உதறும், டாஷ்போர்டுல விளக்கு எரியும். பல பல் தப்பினா வால்வு முட்டும். இதுக்குத்தான் எல்லாம் மாட்டின பிறகு சாவியைத் தொடாம, ஸ்பேனரைப் போட்டுக் கையாலயே கிராங்கை வலஞ்சுழியா அஞ்சாறு சுத்து சுத்தி, குறிகளை மறுபடி பார்க்கணும். எங்கயாவது தட்டினா அங்கயே நிறுத்தணும். காசு செலவில்லாத வேலை இதுதான். முழு எஞ்சினையும் காப்பாத்துற வேலையும் இதுதான். ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு, நாளைக்கு ஆபீஸ் போக வேற வண்டி இல்லாதவன் முதல்ல விடுறதும் இதைத்தான்.

பொட்டி தட்டுற நாம வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்ஷன்ல கை வெப்போமா? பேக்கப் இல்லாம? ரோல்பேக் இல்லாம? முதல் தடவையா செய்யுற ஆளை வெச்சு? இங்க சாவியைத் திருப்பினா ரோல்பேக் கிடையாது சாமி.

அப்பார்ட்மெண்ட்ல குடியிருக்கிற வீரர்களுக்கு இன்னொண்ணு. குத்தகை ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க. பார்க்கிங்ல வண்டி ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். பாதியில ஆபீஸ்காரம்மா வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?

ரெண்டாவது அணி கனவான்களே! உங்க மேலதான் எனக்குக் கோபம் அதிகம். கையில அழுக்கு படக்கூடாதுங்கிறது ஒரு கௌரவம்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க? ஊர்ல மெக்கானிக் ஷெட்டுல நம்மளவிட வயசுல பெரியவரை "டேய்"னு கூப்பிட்ட கூட்டம்தானே நாம. இங்க வந்து அதே வேலைக்கு மணிக்கு 150 டாலர்னு பில் வந்ததும் "சார்"னு கூப்பிடறோம். மரியாதை மனுஷனுக்கா, பில்லுக்கா?

நீங்க ஸ்பேனரைத் தொட வேண்டாம். தொடாதது தப்பில்ல. தெரிஞ்சுக்காததுதான் தப்பு. "பெல்ட் மட்டும் மாத்தினாப் போதும், அறுநூறுக்கு முடிச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா நீங்க சந்தோஷமா தலையாட்டுவீங்க. ஒடிசியில வாட்டர் பம்ப்பை ஓட்டுறதே இந்த பெல்ட்தான். அது பின்னாடி கசிஞ்சா திரும்ப எல்லாத்தையும் பிரிக்கணும், திரும்ப முழுக் கூலி. என் வண்டியைக் கொன்னது பெல்ட்டே இல்ல, உருளைன்னு மேல சொன்னேன். அதனால விடும்போது நாலு கேள்வி கேளுங்க: பெல்ட்டோட டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மாத்துவீங்களா? எந்தக் கம்பெனி பாகம்? எத்தனை மாச வாரண்டி? பழைய பாகங்களை என் கையில குடுப்பீங்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிற கடையிலேர்ந்து நடையைக் கட்டுங்க.

ஆக, நான் எந்த அணி? தேதி அணி. ஒரு தேதி குறிங்க. அதுக்குள்ள நாலு விஷயம் கையில இருக்கணும்: தடையில்லாத சமதளமான இடம், போல்ட்டுக்கான கருவி, வேலை இழுத்தா ஓட்ட இன்னொரு வண்டி, கூட நின்னு குறி பார்க்க இன்னொரு ஜோடிக் கண்ணு. நாலும் இருந்தா இறங்குங்க, நான் விசில் அடிக்கிறேன். ஒண்ணு குறைஞ்சாலும் மறுநாள் காலைல கடை. "இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம்" கிடையாது. நானே செய்யறதாங்கிறது திறமையைப் பத்தின கேள்வின்னு நினைச்சிட்டிருந்தேன். இல்லங்க, அது நாள்காட்டியைப் பத்தின கேள்வி.

அடுத்து வாங்கினதும் ஒடிசிதான் (தங்கமணி முறைச்சாங்க). அதுக்குக் கெடு வந்ததும் ஏப்ரல் 15னு தேதி குறிச்சேன், டாக்ஸ் கட்டுற நாள், மறக்காது. அன்னிக்குக் கருவி இருந்துச்சு, துணைக்கு ஆள் இருந்தார், வண்டி ஒண்ணு இரவல் கிடைச்சுது. இடம் மட்டும் அமையல. 16ஆம் தேதி காலைல கடையில விட்டேன். 980 டாலர். வெட்கமா இருந்துச்சான்னா, கொஞ்சம் இருந்துச்சு.

அங்க கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டிருந்தேன். நரைச்ச தாடிக்காரர், இந்தத் தொழில்ல இருபது வருஷத்துக்கு மேலன்னு சொன்னார். எல்லாத்தையும் மாட்டிட்டு, கையால சுத்தினார், டார்ச் அடிச்சு மூணு குறியையும் பார்த்தார். திரும்பச் சுத்தினார், திரும்பப் பார்த்தார். அவரே ரெண்டு தடவை பார்க்கிறார்.

சரி, வந்த வேலையைப் பாருங்க. போய் வண்டியோட மேனுவலை எடுங்க, மைலையும் வருஷத்தையும் பாருங்க, அப்புறம் வந்து பின்னூட்டத்துல கும்முங்க. "நான் மாத்தப்போறேன்"னு எழுதுறவங்க தேதியையும் சேர்த்து எழுதணும், இல்லன்னா பின்னூட்டம் வெளியாகாது :-)

டிஸ்கி 1: பார்ட்டியில சிரிச்ச அந்த மூணாவது ஆளுக்கு: உங்களைத்தான் சொல்றேன். சிரிக்காதீங்க, போன் போடுங்க.

டிஸ்கி 2: அலமாரியில இருந்த அந்த கிட்டு புது வண்டிக்குப் பொருந்துமான்னு நப்பாசையில தங்கமணிகிட்ட கேட்டேன். பதில் பிரசுரிக்கத் தகுந்ததல்ல.