இரட்டை இறக்கை

ரேடியோவால் இயங்கும் எங்கள் மாதிரி விமானத்தைக் கண்டு, "பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று கேட்போர் உண்டு. 1936-இல் லாகூரில் சேலையுடுத்திய சரளா தக்ரால், 'ஜிப்ஸி மாத்' என்னும் இரட்டை இறக்கை விமானத்தைத் தனியே ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 21. அவரையும் யாரேனும் கேட்டிருப்பார்கள்!

பால்சா மரத்தாலான எங்கள் விமானமும் அவ்வகைதான். மேலொன்றும் கீழொன்றுமாக இறக்கைகள். இடையே சிறு தாங்குகட்டைகள். இறக்கைப் பரப்பு மிகுதியாதலால் மெல்ல மிதந்து செல்லும், காற்றடித்தால் தத்தளிக்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு மல்லுக்கு நிற்பது வீண். மாசிக் காலையே உகந்தது. பீளமேடு விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் பக்கம் மட்டும் போகவே கூடாது.

உண்மையான சோதனை, விமானம் நம்மை நோக்கித் திரும்பும்போதுதான். அதன் வலம் நமக்கு இடமாகிவிடும்! முதல் நாள் பதறிப்போய், சோளத்தட்டுப் போரில் கொண்டுபோய்ச் சொருகினோம். பசை போட்டு ஒட்டி, மறுபடி பறக்கவிட இரண்டு வாரமாயிற்று. அன்று அது வட்டமிட்டு வந்து எங்கள் காலடியில் இறங்கியபோது கைதட்டக்கூட மறந்து நின்றோம்.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இதற்குப் பயிற்சியே உண்டு. நம் பள்ளியிலும் ஒரு மன்றம் வேண்டுமென அருட்சகோதரிகளையும் பெற்றோரையும் கேட்கிறோம். சனிக்கிழமைக் காலையும் ஒரு வெட்டவெளியும் போதும். பசை எங்களிடமே நிறைய இருக்கிறது.