மின்னினால் போதுமா?

கல்யாணப் பத்திரிகை எதற்கு? யாருக்கு யார், எந்த நாள், எத்தனை மணிக்கு முகூர்த்தம், எந்த ஊர் என்று சொல்வதற்கு. ஆனால், இப்போது வரும் சில பத்திரிகைகளை விளக்குக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது! எழுத்தெல்லாம் பொன். வயதான ஆச்சியின் கண்ணுக்கு வெறும் பளபளப்புத்தான் தெரிகிறது.

முன்பெல்லாம் பொன் எழுத்து வேண்டுமானால் அச்சகத்துக்குத்தான் போக வேண்டும். இப்போது வீட்டு மேஜையிலேயே செய்துவிடுகிறார்கள்.

வழி சுலபம். லேசர் பிரிண்டரில் பத்திரிகையை அச்சிட வேண்டும். அதன்மேல் ஜிகினாத் தாளைப் பொன்நிறம் மேலே தெரியும்படி வைக்க வேண்டும். கடையில் இதைப் 'பாயில்' என்பார்கள். சான்றிதழுக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிறார்களே, அந்த லாமினேஷன் இயந்திரத்தில் இரண்டையும் சேர்த்து நுழைக்க வேண்டும். லேசர் பிரிண்டரில் இருப்பது ஈர மை அல்ல. பிளாஸ்டிக் கலந்த பொடி. சூடு பட்டதும் அது இளகும். ஜிகினா அதைப் பற்றிக்கொள்ளும். தாளை உரித்தால், எழுத்து உள்ள இடத்தில் மட்டும் பொன் நிற்கும். ஈர மையில் அச்சிடும் இங்க்ஜெட் பிரிண்டர் இதற்கு உதவாது.

பொன் என்கிறோமே, அதில் குன்றிமணிப் பொன்கூட இல்லை. அலுமினியப் பூச்சும் மஞ்சள் சாயமும்தான்!

வெட்டும் இயந்திரமும் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்ததை அதன் சின்னக் கத்தி தாளில் வெட்டித் தரும். செட்டிநாட்டு வீட்டு நிலையில் இருக்கும் கஜலட்சுமியைக்கூட வெட்டலாம்.

எல்லாம் சரி. ஐந்நூறு பத்திரிகையையும் ஒரு வீட்டார் கையால் செய்ய முடியுமா? முடியாது. செய்யவும் வேண்டாம். நேரில் போய்த் தாம்பூலத்தோடு அழைக்க வேண்டிய முப்பது, நாற்பது பேருக்கு வீட்டில் செய்தது போகட்டும். மற்றவை அச்சகத்தில் ஆகட்டும். ஒரே கல்யாணத்துக்காக இயந்திரம் வாங்கினால் அது பரணுக்குத்தான் போகும். நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கலாம். கைவேலை தெரிந்த ஒரு பெண் வாங்கினால், அவளுக்குப் பிழைப்பும் ஆகும்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது அரியக்குடி. இந்தப் பக்கத்து நகரத்தார் திருமணத்தில் 'இசைகுடிமானம்' எழுதுவது வழக்கம். இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கொடுக்க இரு வீட்டாரும் இசைந்ததற்கு அது எழுத்துச் சான்று. அந்நாளில் ஓலையில் எழுதினார்கள். அதில் மினுமினுப்பு இல்லை. பெயர் தெளிவாக இருந்தது. அதுதான் பிற்காலத்துக்கும் வேண்டியிருந்தது.

பிழைப்புக்காகச் சென்னைக்கும் மலேசியாவுக்கும் போன பிள்ளைகள், கல்யாணத்துக்குச் சொந்த ஊர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அவர்களுக்கு ஊரும் நேரமும் பளிச்சென்று தெரிய வேண்டாமா?

ஆகவே, பிள்ளையார் சுழிக்கும் மணமக்கள் பெயருக்கும் மட்டும் பொன் போதும். அந்த அளவுக்கே ஜிகினாவை நறுக்கி வையுங்கள். மேலே பட்டர் பேப்பர் மூடி இயந்திரத்தில் விடுங்கள். நாள், நேரம், இடம் மூன்றும் கறுப்பிலேயே, பெரிய எழுத்தில் இருக்கட்டும்.