கலர் பாட்டிலும் நம் கிணற்றுத் தண்ணீரும்

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ‘ஓடிப்போய் ஒரு கலர் வாங்கி வா’ என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கலர் பாட்டிலுக்குள் பூச்சிக்கொல்லி இருக்கிறது என்று 2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாடெங்கும் பேசினார்கள். பிறகு பேச்சு அடங்கிவிட்டது. நகரத்தார் அதைக் கம்பெனிக்கும் தங்களுக்கும் உள்ள வழக்காகவே பார்த்தார்கள். அதில் உழவர்களுக்கு உள்ள பங்கை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், அந்நகரக் கடைகளில் விற்ற கோகோ கோலா, பெப்சி நிறுவனங்களின் 12 வகைப் பானங்களைச் சோதித்தது. லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவற்றின் எஞ்சிய நஞ்சு அவற்றில் தெரிந்தது. ஒரு லிட்டர் குடிநீரில் எல்லாப் பூச்சிக்கொல்லிகளும் சேர்ந்து 0.0005 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய நாடுகளின் விதி. கோகோ கோலா பானங்களில் சராசரியாக 0.0150 மில்லி கிராமும், பெப்சி பானங்களில் 0.0180 மில்லி கிராமும் இருந்தன. அதாவது முறையே 30 மடங்கு, 36 மடங்கு. அமெரிக்காவில் விற்ற இரண்டு பானங்களையும் அதே மையம் சோதித்தது. அவற்றில் நஞ்சு இல்லை.

நிறுவனங்கள் மறுத்தன. சரத் பவார் தலைமையில் அமைந்த பாராளுமன்றக் கூட்டுக்குழு விசாரித்து, நஞ்சு இருந்தது உண்மையே என்று 2004 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. 2006-இல் அதே மையம் 12 மாநிலங்களிலிருந்து 57 மாதிரிகளை எடுத்து மீண்டும் சோதித்தபோதும் நஞ்சு இருந்தது. கேரள அரசு விதித்த தடையை அம்மாநில உயர்நீதிமன்றம் அதே ஆண்டில் நீக்கியது.

நஞ்சு எங்கிருந்து வந்தது?

கலர் பானத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலிருந்து எடுக்கப்படுவது. எந்தக் கம்பெனியும் வேண்டுமென்று பூச்சிக்கொல்லியைக் கலக்கவில்லை. தண்ணீரில் இருந்ததை முழுமையாக வடிகட்டாமல் விட்டதே அவர்கள் குற்றம். ‘பாலிலும் காய்கறியிலும் கூடத்தான் நஞ்சு இருக்கிறது’ என்று அப்போது சொல்லப்பட்ட சமாதானத்தை ஏற்க முடியாது. பாலிலும் காயிலும் உடலுக்கு வேண்டிய சத்து இருக்கிறது. 300 மில்லி கலரில் இருப்பது சுமார் 30 கிராம் சர்க்கரை மட்டுமே. ஆகவே பாட்டிலில் அடைத்து விற்பவர்களைச் சட்டம் கண்டிப்புடன் கண்காணிக்க வேண்டும்.

ஆனால் கம்பெனியைத் திருத்துவதோடு காரியம் முடிந்துவிடாது. கம்பெனியிடம் பணம் இருக்கிறது. கரி வடிகட்டி வைத்து நஞ்சை நீக்கிக்கொள்ளலாம். வயலுக்கு நடுவே உள்ள கிணற்றில் குடம் வைத்துத் தண்ணீர் மொள்ளும் குடும்பத்துக்கு எந்த வடிகட்டி இருக்கிறது?

ஒரு சிறு கணக்கு

கடையில் கிடைக்கும் குளோர்பைரிபாஸ் 20 சத மருந்தில், 5 மில்லிக்கு 1 கிராம் நஞ்சு உள்ளது. காலி என்று நாம் எறியும் பாட்டிலின் அடியில் 5 மில்லி தங்குவது சாதாரணம். ஒரே பூச்சிக்கொல்லிக்கு ஐரோப்பிய விதி அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.0001 மில்லி கிராம். அப்படியானால் அந்த 1 கிராம் நஞ்சு, 1 கோடி லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. 30 அடிக்கு 30 அடி கிணற்றில் 15 அடி தண்ணீர் நின்றால், அது சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். அதாவது ஒரு காலி பாட்டிலில் தங்கிய மருந்து 26 கிணறுகளுக்குக் காணும். வெயிலிலும் மண்ணிலும் பட்டு நஞ்சின் ஒரு பகுதி அழியும் என்பது உண்மையே. ஆனால் பாட்டிலைக் கிணற்றடியிலேயே கழுவினால் அழிவதற்கு ஏது அவகாசம்?

2004-இல் ஆந்திரத்திலும் சத்தீஸ்கரிலும் சில உழவர்கள் கலர் பானத்தைப் பயிருக்குத் தெளிப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பானத்தில் உள்ள நஞ்சு பூச்சியைக் கொல்லும் என்று சிலர் நம்பினார்கள். சர்க்கரைக்கு எறும்புகள் வந்து புழுக்களைத் தின்றிருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் சொன்ன விளக்கம். நஞ்சின் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்சொன்ன மருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலந்தால், அதில் 400 மில்லி கிராம் நஞ்சு இருக்கும். பாராளுமன்றமே விசாரித்த கலரில் இருந்ததைப் போல் இது சுமார் 26 ஆயிரம் மடங்கு. இதைத்தான் உழவர் முதுகில் சுமந்து, சட்டையில்லாமல், காற்றுக்கு எதிரே நின்று அடிக்கிறார். கலர் குடித்தவருக்காக நாடு கவலைப்பட்டது நியாயமே. மருந்து அடிப்பவருக்காக அதைவிட அதிகம் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

குளோர்பைரிபாஸ், மாலத்தியான் வகை மருந்துகள் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. டி.டி.டி.யும் லிண்டேனும் உடலின் கொழுப்பில் தங்கித் தாய்ப்பாலிலும் வெளிப்படுபவை. லிண்டேன் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியது. நம் நாட்டில் அதன் உபயோகம் 2013-இல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. குளோர்பைரிபாஸும் மாலத்தியானும் அப்போது தடை செய்யப்படவில்லை.

உழவர்கள் செய்யக்கூடியவை

கிணற்றைக் காக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. மருந்து தீர்ந்த பாட்டிலை மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிட வேண்டும். மருந்தும் வீணாகாது. பிறகு பாட்டிலை வேறெதற்கும் உதவாதபடி உடைத்து அல்லது ஓட்டையிட்டு, கிணறும் வாய்க்காலும் குடியிருப்பும் இல்லாத இடத்தில் ஆழப் புதைக்க வேண்டும். தெளிப்பானைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. மழை வரும் அறிகுறி இருந்தால் மருந்து அடிப்பதைத் தள்ளிப் போட வேண்டும்.

பக்கத்து வயல்காரர் அடித்தார் என்பதற்காக நாமும் அடிப்பது வீண். நெல்லில் தண்டுத் துளைப்பானால் நடுக்குருத்து காய்வது 100 தூர்களுக்கு 10 என்ற அளவை எட்டாதவரை மருந்து தேவையில்லை. குறைத்து அடித்தால் கடன் குறையும். கிணற்றுக்குப் போகும் நஞ்சும் குறையும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். கிணற்று நீரை ஆய்வுக்குக் கொடுத்தால் உப்பின் அளவைச் சொல்கிறார்கள். பூச்சிக்கொல்லியைக் கண்டறிய விலை உயர்ந்த கருவிகள் வேண்டும். சிறு விவசாயியால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. பருத்தி, காய்கறி, நெல் அதிகம் விளையும் வட்டாரங்களில் குடிநீர்க் கிணறுகளை அரசே ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, முடிவைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும். டெல்லியில் கலர் பாட்டிலுக்குக் கிடைத்த சோதனை, கிராமத்துக் கிணற்றுக்கும் கிடைக்க வேண்டாமா?

இறுதியாக, தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் சில்லறையாக வாங்கும் மருந்தையும், அடித்து மிஞ்சிய மருந்தையும் காலிக் கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தைக்குத் தெரிந்ததெல்லாம் அது கலர் பாட்டில் என்பதே. அதில் ஒரு வாய் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து. இன்றைக்கே மாடத்திலும் பரணிலும் தேடிப் பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். விருந்தாளிக்கு மோரோ இளநீரோ கொடுத்து அனுப்பலாம், குறை ஒன்றும் இல்லை.