உறுதி ஒருவர் கையில், வண்டு எல்லார் வளவிலும்

சென்ற ஆண்டு கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் நிலாவெளியிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் எங்கள் பூர்வீக வளவுக்கு அடுத்த வளவுக்காரர். நலம் விசாரித்து முடித்தபின் சற்றுத் தயங்கி, "அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கட வளவுக்குள்ள பட்டு நிக்கிற தென்னையள் வண்டுக்கு வீடாப் போச்சு. நான் வைச்ச கண்டுகளில பாதி போயிட்டுது. புல்லும் இடுப்பளவு நிக்குது. ஆராவது ஒரு பீடித்துண்டை எறிஞ்சால் முதல்ல எரியிறது என்ர வேலிதான்" என்றார்.

மற்றவர்களின் பொறுப்பின்மையைக் கண்டித்து முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் எழுதி வந்தவன் நான். அன்று அந்த மனிதருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இருக்கவில்லை.

1990 ஆனியில் நாங்கள் அந்த வளவை விட்டு வெளியேறினோம். அப்பா காலமானார். சகோதரர்கள் மூன்று நாடுகளுக்குப் போனார்கள். காணி உறுதி கொழும்பில் என் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. வளவுதான் பத்திரமாக இல்லை. குச்சவெளி தொடக்கம் மூதூர் வரை திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இவ்வாறு ஆளின்றிக் கிடக்கும் வளவுகளுக்குக் குறைவில்லை. எல்லோரும் விரும்பி விட்டுப் போனவர்களும் அல்லர். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தங்கள் மண்ணில் மீண்டும் கால்வைக்க 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் நாம் ஏன் போனோம் என்று வண்டு கேட்பதில்லை, நெருப்பும் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்தில் கறுத்த வண்டு என்று சொல்லப்படும் காண்டாமிருக வண்டின் வாழ்க்கையை அறிந்தால் அயலவரின் கோபம் புரியும். வளர்ந்த வண்டு உயிருள்ள தென்னையின் குருத்தைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். பின்னர் விரிகின்ற ஓலை கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண வடிவில் நறுக்குண்டு இருக்கும். ஆனால் அது முட்டையிடுவது உயிருள்ள மரத்தில் அன்று. பட்டு உக்கிய தென்னங்குற்றியிலும், புரட்டப்படாத எருக்கும்பியிலும் முட்டையிடும். புழு அங்கே பல மாதங்கள் இருந்து கொழுத்து, வண்டாகி, அடுத்த வளவின் இளங்கன்றைத் தேடிப் பறக்கும். அது துளைத்த காயத்தின் வாசனைக்குச் செவ்வண்டு வரும். தமிழ்நாட்டில் அதைச் சிவப்புக் கூன்வண்டு என்பார்கள். அதன் புழுக்கள் மரத்தின் உள்ளேயே இருந்து தின்பதால், வெளியே அடையாளம் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். ஆக, என் வளவு தொட்டில். அவருடைய வளவு தீன்மேசை. இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை.

கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில் நலிந்த பைன் மரங்களைப் பட்டை வண்டுகள் தாக்கின. அந்த ஆண்டுகளில் அங்கே 10 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் மாண்டன. அங்கே வண்டு வந்தபின் மரம் பட்டது. இங்கே மரம் பட்டபின் அதிலிருந்து வண்டு வருகிறது. பட்ட மரத்தை அப்படியே விட்டுவைப்பது இரண்டு இடத்திலும் ஆபத்து என்றாலும், எங்கள் ஊரில் அது அயலவனுக்குச் செய்யும் நேரடித் தீங்கு.

நெருப்பின் கதையும் இதனோடு சேர்ந்ததுதான். முன்பு பனையின் காவோலையை மரத்தில் விட்டுவைக்க எவருக்கும் மனம் வராது. கூரைக்கும் வேலிக்கும் அடுப்புக்கும் அது வேண்டியிருந்தது. தகரமும் முட்கம்பியும் எரிவாயு அடுப்பும் வந்தபின் காவோலை மரத்திலேயே பாவாடை போலத் தொங்குகிறது. கீழே கினிப்புல்லும் இலுக்கும் காய்ந்து நிற்கின்றன. புல்லில் பிடித்த தீ காவோலை வழியாக வட்டுக்கு ஏறுகிறது. முதிர்ந்த பனை தப்பினாலும் வடலிகள் கருகிவிடுகின்றன. நம் உலர்வலயத்துக் காட்டுத்தீ ஏறக்குறைய எல்லாமே மனிதர் கையால் மூட்டப்படுவது: வேட்டைக்கு, மாட்டுக்குப் புதுப்புல் வேண்டி, குப்பை எரிக்க.

ஆளற்ற நிலத்துப் புல் என்ன செய்யும் என்பதை ஹவாய் தீவுக்கூட்டத்தின் லஹைனா நகரில் 2023 ஆகஸ்டில் உலகம் கண்டது. கைவிடப்பட்ட பழைய கரும்புத் தோட்டங்களில் மண்டியிருந்த, இதே கினிப்புல் போன்ற வேற்றுநிலப் புற்களில் ஓடிய தீ நகரையே அழித்தது. நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்படியாயின் நாம் ஏன் துப்புரவு செய்வதில்லை? பணம் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரியது பயம். அயலவரை உள்ளே விட்டால் காணி போய்விடும் என்ற பயம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். இந்தப் பயம் பொய்யானதல்ல. ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு நுழைகிறவரின் இருப்பு எதிரான ஆட்சி ஆகாது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். போரினால் தமது உரிமையை நிலைநாட்ட முடியாது போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. எழுத்தில் கொடுத்த அனுமதி காணியைக் கொண்டுபோகாது, காக்கும். மாறாக, காடாகிப்போன வளவுதான் பறிபோகக்கூடியது. ஆளின்றிக் காடான தங்கள் காணிகளில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கற்கள் நாட்டப்பட்டதாக வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் முறையிட்டதை நாம் மறந்துவிடவில்லை.

இந்தப் பயத்திலிருந்து பிறக்கும் இன்னொரு தவறும் உண்டு. விடுமுறையில் இரண்டு வாரங்களுக்கு வருகிறவர்கள் புல்டோசரைப் பிடித்து வளவை ஒரே நாளில் வெளியாக்குகிறார்கள். தள்ளிய மரங்களை மூலையில் குவித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். அந்தக் குவியலைவிடச் சிறந்த தொட்டில் வண்டுக்குக் கிடையாது. சிலர் கச்சான் காற்றில் அதற்குத் தீயும் வைக்கிறார்கள். நிழல் மரங்களும் வேலிப் பூவரசுகளும் வண்டுக்கு வீடல்ல. அவற்றை அழிக்க ஒரு தேவையுமில்லை.

செய்ய வேண்டியது சிறிது. ஆனால் ஆண்டுதோறும் செய்ய வேண்டியது. பட்ட தென்னையை அடிக்கட்டையோடு எடுத்து, பிளந்து, காயவைத்து விறகாக்க வேண்டும். முடியாவிட்டால் ஆழப் புதைக்க வேண்டும். எருக்கும்பியை அடிக்கடி புரட்டினால் வெளிப்படும் புழுவைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும். கச்சான் தொடங்குமுன் வேலியோரமாகப் புல்லைச் செருக்கி மண்ணைத் தெரியவிட வேண்டும். காவோலையை இறக்க வேண்டும். பனை தறிப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருப்பதால், பட்ட பனையாயினும் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எதையேனும் எரித்தே ஆகவேண்டுமென்றால் மாரி மழைக்குப் பின், ஈர மண்ணில், ஆள் நின்று எரிக்க வேண்டும்.

நான் செய்தது இதுதான். சகோதரர்களின் சம்மதத்தோடு ஒரு சட்டத்தரணியைக் கொண்டு அயலவருக்கு அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் மாடுகளை எங்கள் வளவில் மேய்க்கலாம். நிற்கும் தென்னைகளின் காயையும், காவோலையையும் விறகையும் எடுத்துக்கொள்ளலாம். பட்ட மரத்தை அகற்றும் கூலி எங்களுடையது. கடிதத்தை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்போம். சகோதரர்களில் ஒருவர் இன்னும் ஐயத்தோடுதான் இருக்கிறார். ஆனால் அந்தக் கடிதத்தால் எங்கள் வளவு இழந்தது பதினொரு உக்கிய குற்றிகளை மட்டுமே.

1909இல் சமோவாத் தீவுக்குக் காண்டாமிருக வண்டு போய்ச் சேர்ந்தது இலங்கையிலிருந்து சென்ற இறப்பர் கன்றுகளோடு என்று பூச்சியியல் வரலாறு சொல்கிறது. சமுத்திரம் தாண்டிய வண்டுக்கு எங்கள் வேலி எம்மாத்திரம்? அது தமிழர் வளவு, முஸ்லிம் வளவு, சிங்களவர் வளவு என்று பார்ப்பதில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களே, ஊரில் உங்களுக்கும் ஒரு வளவு இருக்கலாம். அதன் உறுதியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வளவுக்காரரோடு கடைசியாக எப்போது பேசினீர்கள் என்றுதான் கேட்கிறேன். அவர் அழைக்கும்வரை காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன், அவருடைய கன்றுகளில் பாதி அதற்குள் போய்விட்டன.