கடிக்கிற பூனைக்கு யார் காரணம்?

செம்பட்டி,

திண்டுக்கல், பழனி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை பஸ்கள் வந்து கூடும் இடம் செம்பட்டி. கடைகள் அதிகம். கடை இருந்தால் மூட்டை இருக்கும். மூட்டை இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் பூனை வேண்டும்!

அதனால் எந்த வீட்டுப் பரணில் பூனை குட்டி போட்டாலும், "நமக்கு ஒண்ணு குடுங்கண்ணே" என்று கடைக்காரர்கள் சொல்லி வைக்கிறார்கள். கேட்பதில் தவறு இல்லை. தூக்கி வரும் நேரத்தில்தான் தவறு.

அவசரம் ஏன்?

கண் திறந்து நாலு நாள்கூட ஆகாத குட்டியைத் தூக்கி வருவது உண்டு. மூட்டைச் சந்தில் சணல் கயிற்றால் கட்டிப் போடுவார்கள். பசும்பாலை ஊற்றுவார்கள். அது வயிறு கழிந்தே செத்துப் போகும். தப்பிப் பிழைத்தால் ஆளைக் கண்டு சீறும். கையை நீட்டினால் பிறாண்டும்.

"சனியன், கடிக்குது" என்று சாக்கில் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு வெளியே விட்டு விடுவார்கள். மறுநாள் லாரிச் சக்கரத்தில் அடிபட்டுக் கிடக்கும்.

கடித்தது பூனைதான். கடிக்கப் பழக்கியது யார்?

2 முதல் 7 வாரம்

பிறந்த குட்டி 7 முதல் 10 நாளில் கண் திறக்கும். 2-வது வாரம் முதல் 7-வது வாரம் வரை அது மனிதனோடு பழகக் கற்கும் காலம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகர டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்ற பெண் விஞ்ஞானி 1980-களில் இதை ஆராய்ந்தார். தினம் 15 நிமிடம் கையில் வைத்துப் பழக்கிய குட்டிகளைவிட, 40 நிமிடம் பழக்கிய குட்டிகள் மனிதனிடம் அதிகமாக ஒட்டிக் கொண்டன.

"அப்படின்னா சீக்கிரம் தூக்கி வர்றதுதானே சரி?" என்று கேட்கலாம். சரி அல்ல! அளவுக்கு மீறிக் கடித்தால் கூடப்பிறந்த குட்டி திருப்பிக் கடிக்கும். பல்லை அடக்க அங்கேதான் பழகுகிறது. எலி பிடிக்கும் வித்தையும் தாயைப் பார்த்துத்தான் நன்றாக வரும்.

ஆகவே 8 வாரம் தாயோடு இருக்கட்டும். அதுவரை அந்த வீட்டுப் பிள்ளைகள் தினமும் மெல்லத் தூக்கித் தடவட்டும். குட்டி கேட்டவரும் கடை பூட்டியதும் போய்க் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்கலாமே! மிக்சிச் சத்தமும் பஸ் ஹாரனும் இப்போதே கேட்டுப் பழகினால் பின்னால் மிரளாது. விளையாட விரலைக் கொடுக்கக்கூடாது. நூலில் காகிதம் கட்டி ஆட்டினால் போதும்.

ஊசி அவசியம்

3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பெயர்தான் வெறிநாய்க்கடி. பூனை கடித்தாலும் அந்த நோய் வரும். நோய் முற்றினால் பிழைப்பது மிக மிக அரிது. கடியோ, பிறாண்டலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். சுண்ணாம்பு தடவிக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவது.

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சாக்கைத் தூக்குகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். குட்டி பெருகுவது தொல்லை என்றால் கால்நடை டாக்டரிடம் கருத்தடை ஆபரேஷன் இருக்கிறது.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஊர் கேட்கும். இங்கே அந்தக் கேள்விக்கே இடம் இல்லை. குட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும். "8 வாரம் கழிச்சு வாங்கண்ணே" என்று அவர் சொல்லி விட்டால் போதும்.