பழைய காசு என்றால் விலையா?



கொஞ்ச நாளாக நம்ம தர்மபுரம் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வீட்டில் பழைய காசு இருந்தால் இலட்சக்கணக்கில் வாங்குவார்களாம். படம் அனுப்பினால் "பதிவுக் கட்டணம்" கேட்கிறார்கள். கட்டியதும் போன் வேலை செய்யாது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் தாய் 5,000 ரூபாய் கட்டிவிட்டா. கூலி வேலைக்குப் போகிற குடும்பம்.

காசு சேர்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பழசு என்பதற்காக மட்டும் ஒரு காசுக்கு விலை வராது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது, இவைதான் கணக்கு. இதில் முதலாவது விஷயம் பெரிய வியாபாரிகளுக்கே சரியாகத் தெரியாது.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1903இல் நியூ ஓர்லியன்ஸ் அச்சகத்தில் அடித்த வெள்ளி டொலர் மிக மிக அரிது என்று எல்லோரும் நம்பினார்கள். 1918இல் வந்த ஒரு சட்டத்தால் 27 கோடி வெள்ளி டொலர்களை அரசாங்கம் உருக்கியது. இதுவும் அதில் போயிருக்கும் என்று நினைத்தார்கள். 1962இல் விலைப் புத்தகத்தில் 1,500 டொலர். அதே வருடக் கடைசியில், பல வருடம் பூட்டிக் கிடந்த அரசாங்கக் களஞ்சியத்தைத் திறந்து ஆயிரம் காசு கொண்ட பைகளை வெளியே விட்டார்கள். உள்ளே அந்தக் காசுதான், பை பையாக! விலை சில பத்து டொலருக்கு விழுந்தது. வாங்கி வைத்திருந்தவரின் நிலையை யோசியுங்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. காசு சேர்ப்பது படுத்துவிடவில்லை, பெருகியது. ஒரு டொலர் கொடுத்து ஒரு வெள்ளி டொலர் வாங்க வாஷிங்டனில் சனம் வரிசையில் நின்றது. 1964 மார்ச்சில் நிறுத்தியபோது சுமார் 30 இலட்சம் மிச்சம். அவற்றை 1972 தொடக்கம் 1980 வரை அரசாங்கமே தபால் மூலம் விற்றது. பணக்காரர் பொழுதுபோக்கு சாதாரண ஆட்களின் கைக்கு வந்தது. காசு தாராளமாகக் கிடைத்ததால், கீறல் இல்லாத காசா என்று பார்த்து விலை வைக்கும் வழக்கமும் வலுத்தது.

நம் நாட்டுக் கடலிலும் ஒரு குவியல் கிடந்தது. 1961இல் தென்கிழக்கே கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மைக் வில்சன் குழுவினர் மூழ்கியபோது அவுரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் கண்டார்கள். சூரத்தில் அடித்தவை, ஹிஜ்ரி 1113. பை மக்கிப்போய், காசுகள் ஒட்டிக் கட்டியாகியிருந்தன. ஆர்தர் சி. கிளார்க் அதைப்பற்றிப் புத்தகமே எழுதினார். (காசு கை மாறும்போது மரியாதைக் குறைவு வரக்கூடாதென்று கலிமாவை நாணயத்திலிருந்து எடுத்தவர் அவுரங்கசீப்.) முந்நூறு வருடம் பழையது, ஆனாலும் அவர் காலத்து ரூபாய் இன்றும் நிறையவே கிடைக்கிறது. சாதாரணமான ஒன்றுக்கு யாரும் இலட்சம் தரமாட்டார்கள்.

நம் வீடுகளில் இருக்கக்கூடியது 1957 புத்த ஜயந்தி 5 ரூபாய். அடித்தது 5 இலட்சம், அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்து உருக்கப்பட்டது. எடை 28 கிராமுக்குச் சற்று மேல், 92.5 வீதம் வெள்ளி. அடகுக் கடையில் சில்லறை விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்றைய வெள்ளி விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள், அதற்குக் கீழே போகவே கூடாது. தேய்க்கவும் வேண்டாம். புளி போட்டு மினுக்கினால் சேகரிப்பவர் தொடமாட்டார்.

காணி திருத்தும்போது, கிணறு வெட்டும்போது காசு வந்தால் அது வேறு விஷயம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அறிவிக்க வேண்டும். இரவில் தோண்டி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

யாராவது கட்டணம் கேட்டால், பணம் போட முதல் எனக்கோ உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியருக்கோ ஒரு வார்த்தை சொல்லுங்கள்.