குழந்தையோடு செல்லும் உரிமை யாருக்கு?

அண்மைக் காலத்தில் ஒரு புதிய வாழ்க்கை முறை பெரிதும் புகழப்பட்டு வருகின்றது. கணவனும் மனைவியும் மடிக்கணினியிலே தொழில் செய்வர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தினின்றும் விலக்கிக்கொள்வர். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டு, இவ்வாண்டு லிஸ்பன், அடுத்த ஆண்டு பாலித்தீவு, அதற்கப்பால் வேறொரு கடற்கரை எனக் குடும்பத்தோடு உலகெங்கும் வாழ்ந்து வருவர். இவர்களுக்கு 'டிஜிட்டல் நாடோடிகள்' என்று பெயர். சுகியோ மக்கிமோட்டோவும் டேவிட் மனேர்ஸும் 1997ஆம் ஆண்டில் எழுதிய நூலொன்றின் தலைப்பாக வந்த சொல் இது. அன்று அஃது எதிர்காலம் பற்றிய ஓர் ஊகம். 2020ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க்குப் பின்னர், அரசாங்கங்கள் விலை குறித்து விற்கும் விசாவாக அது மாறிவிட்டது.

நாடோடி என்ற சொல்லை இவர்கள் எடுத்துக்கொண்டமை ஒரு வேடிக்கை. எமது நாட்டில் அப்பெயருக்கு உரியவராய் இருந்தோர் பாம்பாட்டியும் குறி சொல்லியும் ஊர் ஊராய்த் திரிந்த தெலுங்கு பேசும் மக்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஊர் சுற்றியதை எவரும் உலகக் கல்வி என்று போற்றியதில்லை. ஓரிடத்தில் குடியிருத்தித் திருத்த வேண்டிய குறையாகவே அது கருதப்பட்டது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுகின்றோம். தாயும் தந்தையும் தம் குழந்தையைத் தம்மோடு வைத்திருக்க விரும்புவதை நாம் குற்றமாகக் கருதவில்லை. அந்தியில் குழந்தையோடு கடற்கரையில் நடக்கக்கூடிய தொழில் கிடைத்தால் யார்தான் வேண்டாமென்பர்? எமது சினம் வேறிடத்தில் இருக்கின்றது. தொழிலுக்காக நாடு கடக்கும்போது குழந்தையையும் உடன் கொண்டுசெல்லும் உரிமை இன்றைய உலகில் சம்பளத்தைக் கொண்டு அளக்கப்படுகின்றது. அளவுகோலின் மேற்பக்கத்தில் நிற்போரைப் பார்த்து, 'சுதந்திரமானவர்கள், துணிந்தவர்கள்' என்று புகழ்பாடும் எழுத்துக்கள், கீழ்ப்பக்கத்தில் நிற்போரைக் காணவே மறுக்கின்றன.

டுபாயை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் அந்நகரம் வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் கணினி மூலம் தொழில் செய்வோரை ஓராண்டுக்கு அழைத்தது. குடும்பத்தோடு வரலாம், பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கலாம் என்றது. மாத வருமானம் 5,000 டொலர் இருக்கவேண்டுமென்பது நிபந்தனை. பின்னர் அது 3,500 ஆகக் குறைக்கப்பட்டது. அதே அமீரகத்தில் உள்ளூர் முதலாளியிடம் தொழில் புரியும் வெளிநாட்டான் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வேண்டுமாயின், மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் வசிப்பிடமும் இருத்தல் வேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணாய்ச் செல்லும் எமது பெண்ணின் சம்பளம் பெரும்பாலும் இத்தொகையின் அரைவாசியையும் எட்டுவதில்லை. ஆகவே, ஒரே விமான நிலையத்தில் இரு தாய்மார் இறங்குகின்றனர். ஒருத்தியின் கையில் குழந்தை இருக்கின்றது. மற்றவள், இன்னொருத்தியின் குழந்தையைத் தூக்குவதற்காகத் தன் குழந்தையை மட்டக்களப்பிலோ மாத்தளையிலோ விட்டு வந்திருக்கின்றாள்.

இவ்விரண்டாந் தாயைப் பற்றி எமது அரசு என்ன சொன்னது? 2013ஆம் ஆண்டில் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்றொரு விதி வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுடைய பெண் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்லலாகாது. அதற்கு மேற்பட்ட வயதினர் உளராயின், அவர்களைப் பராமரிப்பது யார் என்று உத்தியோகத்தர்கள் அத்தாட்சிப்படுத்த வேண்டும். தந்தையர்க்கு இவ்விதி இல்லை. குழந்தையின் நலன் கருதியே இவ்வாறு செய்ததாகக் கூறினர். கூலி கிடைக்கும் வேலையை அவள் ஊரிலே உண்டாக்கவும் இல்லை. அவள் போகும் நாட்டுக்குக் குழந்தையும் செல்ல வழி கேட்கவும் இல்லை. 2022ஆம் ஆண்டில், எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலரின்றி நாடு தத்தளித்த வேளையில், அந்த ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. திறைசேரி வற்றியதும், குழந்தைக்குத் தாய் தேவைப்படும் காலம் மூன்றாண்டுகள் சுருங்கிவிட்டது போலும்!

அவ்விதி வந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை எமது வாசகர் மறந்திரார். 2013 ஜனவரி 9ஆம் நாள் மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் சவூதி அரேபியாவிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். 2005இல் அவர் அங்கு சென்றபோது பிறப்புச் சான்றிதழின்படி வயது 17. கடவுச்சீட்டிலோ ஆறு வயது கூட்டப்பட்டிருந்தது. வீட்டு வேலைக்கென்று சென்ற அச்சிறுமியின் பொறுப்பில் கைக்குழந்தை ஒன்று விடப்பட்டது. அக்குழந்தை இறந்த குற்றமே அவர்மீது சுமத்தப்பட்டது. பிள்ளைகள் உலகைச் சுற்றுவதன் பெருமையைப் பேசுவோர், எமது ஏழைக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் கடல் கடந்ததுண்டு என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி, கல்வி பற்றிய வாதத்துக்கு வருவோம். பள்ளிக்கூடம் ஒரு சிறை, உலகமே வகுப்பறை என்கின்றனர். ஆசிரியர்களாகிய எம்முட் பலருக்கு இதன் முற்பாதியிற் சிறிது உடன்பாடு உண்டு. பரீட்சைக்கும் பிரத்தியேக வகுப்புக்கும் நடுவே எமது மாணவர் நசுங்குவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும், சிறையின் சுவரை இடிப்பதும், வசதியுள்ள தன் பிள்ளையை மட்டும் பின்வாசலால் அழைத்துச் செல்வதும் ஒன்றாகா. தாகூரும் நான்கு சுவரை வெறுத்தவர்தாம். 1901இல் சாந்திநிகேதனில் மரநிழலிலே பாடம் நடத்தினார். ஆனால் அந்த நிழல் வங்காள மண்ணில் விழுந்த நிழல். அங்கே வழங்கிய மொழி அம்மண்ணின் மொழி. 1922இல் அயற் கிராமத்து உழவரோடு சேர்ந்தியங்கச் சிறீநிகேதன் எழுந்தது. 1934இல் ஹொரணையிற் சிறீபாலிக்கு அவர் அடிக்கல் நாட்டியபோதும் எண்ணம் இதுவாகவே இருந்தது. வேர் கொள்ளும் இடத்திலேதான் திறந்த வெளியும் பாடமாகும்.

மூன்று திங்களுக்கொரு முறை ஊர் மாறும் பிள்ளை எதனைக் கற்கும்? பாலியில் 'சுபாக்' என்னும் நீர்ப்பங்கீட்டு முறையொன்று பல நூற்றாண்டுகளாய் நிலவுகின்றது. கோவிலும் வாய்க்காலும் வயலும் ஒன்றாய்ப் பிணைந்த, உழவர் கூடித் தீர்மானிக்கும் முறை அது; 2012இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமை என ஏற்றது. அப்படிக்கட்டு வயல்களின் முன்னே நின்று பிள்ளை படம் எடுத்துக்கொள்ளும். வாய்க்காலை இன்று திறப்பவர் யார், நாளை யாருடைய முறை என்பதை அறிய அதற்கு மொழியும் இல்லை, காலமும் இல்லை. தான் தங்கியிருக்கும் வாடகை மாளிகை நேற்று வரை நெல்வயலாய் இருந்திருக்கலாம் என்பதை அதற்கு எந்தப் பெற்றோர் சொல்லிக் கொடுப்பர்? அந்நாட்டின் இத்தகைய விசாவுக்கு ஆண்டுக்கு 60,000 டொலர் வருமானம் வேண்டும். பாபடோஸ் தீவு கேட்பது 50,000. குடும்பத்துக்குக் கட்டணம் 3,000 டொலர். அத்தீவுக்கு வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. தீவின் வீதிகளையும் வைத்தியசாலைகளையும் வரியாலே தாங்குபவர் அங்குள்ள ஆசிரியரும் தாதியரும் பஸ் சாரதிகளுமே.

'இவர்கள் பணம் கொண்டு வருகின்றனரே, அதனால் உள்ளூர் மக்கள் பிழைக்கின்றனரே' என்பர். காப்பிக்கடைக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் பணம் வருகின்றது; மறுக்கவில்லை. போத்துக்கலைப் பாருங்கள். 2022 ஒக்டோபர் இறுதியில் அந்நாடு இவ்விசாவைத் தொடங்கியது. வருவோரின் வருமானம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தின் நான்கு மடங்காய் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி குறைந்தபட்சச் சம்பளம் 870 யூரோ, வருவோர்க்கு 3,480. புதிதாய் வரும் ஒருவர் உள்ளூர்த் தொழிலாளர் நால்வருக்குச் சமம் என்று சட்டமே எழுதி வைத்துவிட்டது! அந்த நால்வரும் இந்த ஒருவரோடு ஒரே வாடகைச் சந்தையிற் போட்டியிட வேண்டும். லிஸ்பனில் வாடகை ஏறியதற்கு இவர்கள் மட்டுமே காரணமென்று நாம் கூறமாட்டோம். உல்லாசப் பயணிகளுக்குச் சில நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளும், 2012 முதல் வீடு வாங்கிய அந்நியருக்கு வழங்கப்பட்ட 'தங்க விசா'வும் முன்னரே வேலையைத் தொடங்கிவிட்டன. 2023 ஏப்ரல் முதலாம் நாள் அந்நகர மக்கள் வாழ வீடு கேட்டு வீதியில் இறங்கினர். லிஸ்பன் பகுதியில் நியமனம் பெற்ற ஆசிரியர் சம்பளத்தில் அறையெடுக்க இயலாது பதவியை ஏற்கத் தயங்கினர்; வீட்டுக்குத் தொலைவில் நியமிக்கப்படும் ஆசிரியருக்கு 2024இல் அரசு உதவித்தொகை வழங்க நேர்ந்தது. பள்ளிக்கூடம் வேண்டாமென்று வந்த குடும்பங்களுக்கு இடம் கொடுத்த நகரிலே, பள்ளிக்கூடத்தை நடத்த வந்தவருக்கு இடமில்லாமற் போயிற்று.

இவ்வளவும் கூறினோமாயினும், அம்மடிக்கணினிக் குடும்பத்தை எதிரியாக நிறுத்துவது தவறு. அவர்களுட் பலர் மொழிபெயர்ப்பாளர், வரைகலைஞர், கணினி நிரல் எழுதுவோர். தம் சொந்த நகரின் வாடகையைத் தாங்கமாட்டாது வெளியேறியோர். அவர்களை அமர்த்தும் கம்பனி மேசை கொடுப்பதில்லை, மின்சாரக் கட்டணம் கொடுப்பதில்லை. ஒப்பந்தக்காரர் என்று பெயர் சூட்டி ஓய்வூதியத்தையும் தட்டிக்கழிக்கின்றது. அவ்வாறு மிச்சப்படுத்திய செலவுக்கே 'சுதந்திரம்' என்று பெயரிட்டு அவர்கள் கையில் திருப்பிக் கொடுக்கின்றது. அவர்களும் தொழிலாளரே; தம் நிலையை அறியாத தொழிலாளர்.

மூலதனம் எப்போதும் குடும்பத்தைப் பிரித்தே வைத்தது என்றும் சொல்வதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தேயிலைத் தோட்டக் கங்காணி தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று, பெண்டு பிள்ளைகளோடு வரும்படியே அழைத்தான். கொழுந்து கொய்யப் பெண்ணின் விரலும் பிள்ளையின் விரலும் தேவைப்பட்டன. அன்று தொழிலாளியின் குடும்பத்தாலே லாபம். ஆகவே லயத்தில் அதற்கு ஓர் அறை கிடைத்தது. இன்று டுபாயின் மாளிகையில் பணிப்பெண்ணின் குழந்தை ஒரு செலவு.

1990 டிசம்பர் 18ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை, புலம்பெயர் தொழிலாளர் அனைவரினதும் அவர்தம் குடும்பத்தினரதும் உரிமைகள் பற்றிய சமவாயத்தை நிறைவேற்றியது. குடும்பங்கள் ஒன்றுசேர வழி செய்தல், பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தல் ஆகியன அதில் எழுதப்பட்டுள்ளன. இலங்கை 1996இல் அதனை ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகளுள் ஒன்றேனும் ஏற்கவில்லை; அமீரகமும் ஏற்கவில்லை. டிஜிட்டல் நாடோடிக்குக் குடும்ப விசா அச்சிடும் நாடுகள் பல, இப்பத்திரத்தின் கீழ் ஒப்பமிட மறுத்த நாடுகளேயாம்.

சில ஆண்டுகளாக எமது நாட்டிலும் இத்தகைய விசா பற்றிப் பேசப்படுகின்றது. வெலிகமவிலும் அகங்கமவிலும் அறுகம்குடாவிலும் மடிக்கணினியோடு வந்து தங்குவோரை நாம் ஏற்கெனவே காண்கின்றோம். வரட்டும், அவர்தம் குழந்தைகளும் வரட்டும், வரியும் செலுத்தட்டும். ஆனால் எமது ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புக்களும் அரசிடம் கேட்க வேண்டியன சில உள. எமது பணிப்பெண்களை ஏற்கும் நாடுகளோடு செய்யும் ஒப்பந்தங்களில், ஆண்டுக்கொரு முறை சம்பளத்தோடு ஊர் வந்து பிள்ளையைக் காணும் விடுமுறை எங்கே? நாள்தோறும் பிள்ளையோடு பேசத் தொலைபேசியை அவள் கையில் வைத்திருக்கும் உரிமை எங்கே? குழந்தையை அழைப்பதற்குச் சம்பள எல்லை இல்லையென்ற வாசகம் எங்கே? எம்முள் வகுப்பாசிரியராய் இருப்போர் அடுத்த தவணைத் தேர்ச்சி அறிக்கைகள் திரும்பி வரும்போது, பெற்றோர் கையொப்பத்துக்குரிய இடத்தில் அம்மம்மாவின் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ இருப்பவற்றை எண்ணி வைத்து, அந்த எண்ணிக்கையோடு இக்கேள்விகளை அனுப்பலாம்.